உலர்த்தினால் செத்துப்போகும் விதை

தேயிலைத் துறையிலேயே பாதி வாழ்நாளைக் கழித்த நண்பர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தேன். விதையிலிருந்து வளர்த்த பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் குளோன், அதாவது ஒரே செடியின் தண்டுத் துண்டுகளிலிருந்து பெருக்கிய செடிகள், நடுவது பற்றிய பேச்சு. நான் கொஞ்சம் வருத்தமாகவே பேசியிருப்பேன் போல. "இதுக்குப் போய் ஏன் இவ்வளவு கவலைப்படறீங்க? பிடுங்குறதுக்கு முன்னாடி விதையைப் பொறுக்கி ஏதாவது ஒரு விதை வங்கியில போட்டு வச்சுட்டா தீர்ந்தது. என்னைக்கு வேணும்னாலும் எடுத்து நட்டுக்கலாமே" என்றார். நெல், கேழ்வரகு, பருத்தி என்று எதை எடுத்துக்கொண்டாலும் அது சரியான பதில்தான். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஆனால் அந்த வார்த்தை மட்டும் என்னை விடவில்லை. தேயிலையின் உயிரியலைக் கொஞ்ச காலமாகத் தொடர்ந்து படித்துவருகிறேன். படிக்கப் படிக்க, இந்தச் செடிக்கு அந்தப் பதில் பொருந்தவே பொருந்தாது என்பது உறுதியாகிக்கொண்டே வருகிறது. அதை நிதானமாக எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதலில், விதைத் தேயிலை என்றால் என்ன என்பதைக் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். குளோன் நட்ட சரிவும் விதையிலிருந்து வளர்த்த சரிவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் தூரத்திலேயே வித்தியாசம் தெரியும். குளோன் சரிவு பாய் விரித்ததுபோல ஒரே பச்சை. விதைச் சரிவில் ஒரு செடி மஞ்சள் கலந்த வெளிர்பச்சை, அடுத்தது கரும்பச்சை, அதற்கடுத்ததன் கொழுந்தில் செம்பு நிறம். கிட்டே போனால் இன்னும் துலங்கும். ஒன்றின் இலை கையகலத்துக்கு, பளபளவென்று, நரம்புகளுக்கிடையே மேடு தட்டி நிற்கும். பக்கத்துச் செடியின் இலை விரல் நீளத்தைத் தாண்டாது. தடித்து, விளிம்பில் நெருக்கமான பற்களோடு நிமிர்ந்து நிற்கும். முன்னது அசாம் ஜாத்தின் (ஜாத் என்றால் தேயிலை வகை) சாயல், பின்னது சீன ஜாத்தின் சாயல். பெரும்பாலான செடிகள் இரண்டுக்கும் நடுவே எங்கேயோ நிற்பவை. மொட்டைத் திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் வெள்ளிப் பொடி தூவியதுபோல் ரோமம் அடர்ந்திருக்கிறது, சிலவற்றில் சுத்தமாக இல்லை.

அப்படியொரு சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், எல்லாச் செடியும் ஒன்றுபோலத் துளிர்க்குமா என்று கேட்டேன். கை நிற்காமலே பதில் வந்தது. "அதெப்படித் தம்பி துளிர்க்கும்? அந்தக் கல்லு மேல இருக்கே, அது மழை விழுந்த மறுவாரமே கொழுந்து குடுத்துரும். கீழ இருக்கிறது எப்பப் பாத்தாலும் பஞ்சி புடிச்சே கிடக்கும். கோடையில எல்லாம் காஞ்சு நிக்கையில இந்த ஒண்ணு மட்டும் பச்சையா நிக்கும் பாரு." பஞ்சி என்பது நுனிமொட்டு உறங்கிப்போய், கொழுந்து மேலே வளராமல் நின்றுவிடும் நிலை. துளிர்க்கும் காலம், மொட்டின் உறக்கம், வறட்சி தாங்கும் திறன் என்று ஆய்வு நிலையங்கள் வருடக்கணக்கில் அளந்து அட்டவணை போடும் மூன்று குணங்களை அவர் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அதுவும் செடி செடியாக, இடம் காட்டி.

தன் மகரந்தத்தை ஏற்காத பூ

இந்த வேறுபாடெல்லாம் எங்கிருந்து வருகிறது? பூவிலிருந்துதான். தேயிலைப் பூவைப் பலர் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஓயாமல் கொழுந்து பறித்து, கவாத்து வெட்டி, செடியை இடுப்புயரத்திலேயே வைத்திருப்பதால் பூப்பது குறைவு. வெள்ளை இதழ்கள், நடுவில் மஞ்சள் மகரந்தத் தாள்கள் அடர்ந்த கொத்து. ஆணும் பெண்ணும் ஒரே பூவில்தான். ஆனாலும் ஒரு செடியின் மகரந்தம் அதே செடியின் பூவில் விழுந்தால் விதை பிடிப்பது மிக அரிது. இதில் என்னை வியக்கவைத்தது, தடை எந்த இடத்தில் விழுகிறது என்பது. பல தாவரங்கள் சொந்த மகரந்தத்தைச் சூல்முடியிலேயே தடுத்துவிடும். தேயிலை அப்படிச் செய்வதில்லை. மகரந்தம் முளைக்கிறது, அதன் குழல் சூல்தண்டு வழியாக இறங்குகிறது, சூலகம் வரைக்கும்கூட வந்துவிடுகிறது. அதற்கப்புறம்தான் கருவுறுதல் நடக்காமல் போகிறது. இதைத் தாமதமாகச் செயல்படும் சுயப்பொருந்தாமை என்கிறார்கள். வாசல் வரை வந்த பிறகு மறுக்கும் இந்த ஏற்பாடு மூலக்கூறு அளவில் எப்படி நடக்கிறது என்பதை இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

இதன் விளைவு பெரியது. ஏறக்குறைய ஒவ்வொரு தேயிலை விதைக்கும் தாய் ஒரு செடி, தந்தை வேறொரு செடி. ஒரே தாய்ச்செடியில் விழுந்த விதைகளைப் பொறுக்கி நட்டாலும் வருவது ஒன்றுக்கொன்று மாறுபட்ட செடிகள்தான். தாயைப் போல எதுவும் இருக்காது. எனவே ஒரு பழைய விதைச் சரிவு என்பது ஒரு ரகம் கிடையாது. ஆயிரக்கணக்கான தனித்தனி மரபுச் சேர்க்கைகள். அவற்றில் எதுவும் அதற்கு முன்னால் இருந்ததில்லை. பிடுங்கிவிட்டால் மறுபடி அதே சேர்க்கை அமையப்போவதும் இல்லை.

மரபணுத் தொகுதியைப் படித்தவர்களுக்கும் இதே குணம்தான் பெரிய தலைவலியாக இருந்தது. சீனாவின் யூன்னானில் பயிராகும் யூன்காங்-10 என்ற அசாம் வகைத் தேயிலையின் மரபணுத் தொகுதி 2017-இல் வெளிவந்தது; சீன வகையான ஷூசாஸாவோவின் தொகுதி 2018-இல். இரண்டும் ஏறத்தாழ 300 கோடி டி.என்.ஏ. எழுத்துகள். மனிதனுடையதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். 2014-இல் படிக்கப்பட்ட ரொபஸ்டா காப்பியோடு ஒப்பிட்டால் நான்கு மடங்கு. அதில் ஐந்தில் நான்கு பங்கு திரும்பத் திரும்ப வரும் துண்டுகள். போதாக்குறைக்கு, 15 ஜோடி குரோமோசோம்களில் தாய்வழி வந்ததும் தந்தைவழி வந்ததும் ஒன்றோடொன்று அவ்வளவு வேறுபடுவதால், எந்தத் துண்டு எதைச் சேர்ந்தது என்று பிரித்துக் கோப்பது கடினமாகிவிட்டது. தன்னோடு தான் சேராத செடியின் உடம்பில் வேறு எப்படி இருக்கும்?

காஃபீன் விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். தேயிலையில் காஃபீனை உருவாக்கும் நொதியின் மரபணுவை ஜப்பானிய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2000-இல் பிரித்தெடுத்தார்கள். காப்பியும் தேயிலையும் இந்தத் திறமையைத் தனித்தனியாகப் பெற்றவை என்பதும் பின்னால் தெளிவானது. அப்புறம் 2018-இல், சீனாவின் ஃபூஜியன் மலைகளில் வளரும் ஹோங்யாச்சா என்ற காட்டுத் தேயிலையைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. அதில் காஃபீன் இல்லை. காஃபீனாக மாறுவதற்கு ஒரு படி முந்தைய தியோப்ரோமினோடு அந்தச் செடியின் வேதியியல் நின்றுவிடுகிறது. நொதியின் மரபணுவில் உள்ள சிறு மாற்றம்தான் காரணம். காஃபீனை ஆலையில் கரைத்து நீக்குவதற்கு எவ்வளவு முயற்சி செலவாகிறது! அதைச் செடியிலேயே செய்து முடித்த மரங்கள் வெளியுலகுக்குத் தெரியாமல் ஒரு மலையில் நின்றுகொண்டிருந்திருக்கின்றன. வேறுபாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட இந்த ஒரு உதாரணம் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

ஒரு இலை, ஒரு கணு

குளோன் நடுபவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. விதைச் சரிவில் பாதிச் செடி பஞ்சி பிடித்துக் கிடந்தால் பறிப்பவர்களுக்கும் நஷ்டம், தோட்டத்துக்கும் நஷ்டம். நன்றாகத் துளிர்க்கும் ஒரு செடியைக் கண்டுபிடித்துவிட்டால் அதையே பெருக்க நினைப்பது இயல்பு. பெருக்கும் முறையும் எளியது. ஒரு இலையும் அதன் கக்கத்தில் ஒரு மொட்டும் உள்ள சின்னத் தண்டுத் துண்டை வெட்டி, அமில மண் நிரப்பிய பையில் குத்தி நிழலில் வைத்தால் வேர் விட்டுவிடும். ஒரே தாய்ச்செடியிலிருந்து வருடத்துக்கு வருடம் இப்படி எடுத்துக்கொண்டே போகலாம். அசாமில் 1911-இல் தொடங்கப்பட்ட டொக்லாய் ஆய்வு நிலையம் 1949-இல் டி.வி.1, டி.வி.2, டி.வி.3 என்ற முதல் குளோன்களை வெளியிட்டது. அதற்குப் பிறகு உலகம் முழுக்க இதே பாதைதான். விளைச்சல் கூடியது, தரம் சீரானது. இதெல்லாம் உண்மையான நன்மைகள்.

ஆனால் ஒரு நல்ல செடியின் வெற்றி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜப்பானைப் பார்க்கலாம். ஷிசுவோகாவில் ஹிகோசபுரோ சுகியாமா என்பவர் 1908-இல் தேர்ந்தெடுத்த ஒற்றைச் செடி யபுகிதா. 1953-இல் அது அதிகாரபூர்வ ரகமாகப் பதிவானது. இன்று அந்த நாட்டின் தேயிலைப் பரப்பில் சுமார் 70 சதவீதம் அந்த ஒற்றைச் செடிதான். சுவையில் குறை சொல்ல முடியாத செடி. அதே நேரத்தில் ஆந்த்ராக்னோஸ் நோய்க்கும் சாம்பல் கருகல் நோய்க்கும் எளிதில் இடம்கொடுக்கும் செடியும்கூட. எல்லாம் ஒரே வாரத்தில் துளிர்ப்பதால் பறிப்பும் ஆலை வேலையும் ஒரே சமயத்தில் குவிகின்றன. அந்த வாரம் பார்த்து உறைபனி விழுந்தால் அடி எல்லோருக்கும் சேர்ந்தே விழும். இலங்கையிலும், தேயிலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டுப் பரவலாக நடப்பட்ட 2000 வரிசைக் குளோன்களில் பலவும் ஏ.எஸ்.எம். 4/10 என்ற ஒரே அசாம் செடியைத் தாயாகக் கொண்டவை. பெயர்ப்பலகையில் எண்கள் வேறு வேறாக இருந்தாலும் குடும்பம் ஒன்றுதான்.

1946-இல் கொப்புள நோய் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து சேர்ந்தபோது சரிவுகளில் பெரும்பாலும் விதைத் தேயிலைதான் இருந்தது. எக்ஸோபேசிடியம் வெக்சன்ஸ் என்ற அந்தப் பூஞ்சை இளங்கொழுந்தை மட்டுமே பற்றும், அதாவது நாம் பறிக்கும் பாகத்தையே. எல்லாச் செடியும் ஒரே அளவுக்குப் பாதிக்கப்படவில்லை. எந்தச் செடி கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது என்று தேடிப் பொறுக்க அந்தக் கலவை இருந்தது. அடுத்து வரப்போகும் நோய் எது என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்குத் தேடிப் பொறுக்க எந்தச் சரிவு மிச்சமிருக்கும் என்பதுதான் என் கவலை.

வெட்டிப் பார்த்த விதை

சரி, நண்பர் சொன்ன விதை வங்கிக்கு வருகிறேன். அந்தப் பேச்சுக்குப் பிறகு ஒரு பழைய தாய்மரத்தின் அடியில் விழுந்து கிடந்த விதைகளைப் பொறுக்கி வந்தேன். ஒரு பகுதியை ஈர மணலில் புதைத்துவைத்தேன், மறுபகுதியைக் காற்றோட்டமான அலமாரியில் ஒரு தட்டில் பரப்பிவைத்தேன். சில வாரம் கழித்து இரண்டிலிருந்தும் எடுத்துக் கத்தியால் பிளந்து பார்த்தேன். மணலில் இருந்த விதைக்குள், பழுப்பு ஓட்டோடு ஒட்டி நிரம்பியிருந்தன இரண்டு தந்த நிறப் பருப்புகள். விரலால் அழுத்தினால் ஈரமும் எண்ணெயும் பிசுபிசுத்தன. இரண்டு பருப்பும் சேரும் இடத்தில், ஊசிமுனையால் தொட்டுக் காட்டும் அளவுக்கு ஒரு வெண்மையான முளைக்கரு. வருங்காலச் செடி முழுக்க அந்தத் துணுக்குதான். அலமாரி விதையைக் காதருகே ஆட்டினேன். கடகடவென்று சத்தம் கேட்டது. உள்ளே பருப்பு சுருங்கி, ஓட்டை விட்டு விலகி, பழுப்பு நிறத்தில் கிடந்தது. நாற்றங்காலில் விதையைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதை ஒதுக்கி, மூழ்குவதை மட்டும் நடுவார்கள். அலமாரி விதைகளைத் தண்ணீரில் போட்டபோது ஏறக்குறைய எல்லாமே மிதந்தன.

அதைப் பார்த்த பிறகுதான், 'உலர்த்தலைத் தாங்காத விதை' என்று ஏற்கெனவே படித்திருந்த சொற்றொடரின் கனம் எனக்குப் புரிந்தது. விதைகளில் இரண்டு இனம் உண்டு என்று 1973-இல் விதை ஆய்வாளர் ஈ.எச். ராபர்ட்ஸ் வகைப்படுத்தினார். நெல், கோதுமை போன்றவை தாய்ச்செடியிலேயே உலர்ந்து, உயிர்ச்செயல்களை நிறுத்திவைத்து உறங்கத் தெரிந்தவை. ஈரத்தை 5 சதவீதம் அளவுக்குக் குறைத்து, உறைநிலைக்குக் கீழே பல பத்தாண்டுகள் வைத்திருக்கலாம். 2008-இல் திறக்கப்பட்ட ஸ்வால்பார்ட் விதைப் பெட்டகம் மைனஸ் 18 டிகிரியில் வைத்திருப்பது இத்தகைய விதைகளைத்தான். தேயிலை மற்ற இனம். அது உறங்குவதே இல்லை. மரத்திலிருந்து விழும்போதும் செல்கள் ஈரமாக, இயங்கிக்கொண்டே இருக்கின்றன. முளைப்பதற்கான வேலையைப் பாதி தொடங்கிவிட்ட நிலை. உலர்த்தினால் செல்சவ்வுகள் சிதைந்து இறந்துபோகிறது. உலர்த்தாமல் உறையவைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் பனிப்படிகமாகி செல்லைக் கிழித்துவிடுகிறது. ஈரமாகக் குளிரில் வைத்தால் சில மாதங்கள் தாங்கும். ஒரு வருடம் போவதே பெரும்பாடு.

வழியே இல்லையா என்றால், சோதனைக்கூடத்தில் இருக்கிறது. முழு விதையை விட்டுவிட்டு, நான் ஊசிமுனையால் தொட்ட அந்தக் கரு அச்சை மட்டும் வெட்டியெடுத்து, வேகமாக உலர்த்தி, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் அமிழ்த்தி, பின்னர் அதிலிருந்து செடியை மீட்கும் முயற்சியை இந்திய ஆய்வாளர்கள் 1991-லேயே வெளியிட்டிருக்கிறார்கள். அருமையான வேலை. ஆனால் ஒவ்வொரு விதையையும் கையால் பிளந்து, கிருமி நீக்கி, வளர்ப்பூடகத்தில் எழுப்ப வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு: அப்படியே விதையைக் காப்பாற்றினாலும் காப்பாற்றியது தாய்ச்செடியை அல்ல, அதன் பிள்ளையை. கல்லுக்கு மேலே நின்ற அந்தச் செடி விதைக்குள் இல்லை. டி.என்.ஏ. வரிசையைப் படித்துக் கணினியில் வைக்கலாம். நான் அதற்கு எதிரி இல்லை, ஆனால் அதிலிருந்து எதுவும் முளைக்காது. ஆக, ஒரு தேயிலைச் செடியைக் காப்பாற்ற இன்றைக்கு உருப்படியான வழி அதை எங்கேயாவது உயிரோடு நட்டுவைப்பதுதான். டொக்லாயிலும், ஹாங்சோவிலும், யூன்னானின் மெங்ஹாயிலும் இருக்கும் மரபுவளத் தொகுப்புகள் எல்லாம் நிலத்தில் நிற்கும் செடிகள். நிலம் வேண்டும், கவாத்து வேண்டும், நோய் வராமல் பார்க்க ஆள் வேண்டும்.

குளோன் தன் காயத்தை என்ன செய்கிறது

இந்தக் கதையில் நான் எதிர்பாராத ஒரு திருப்பம் 2021-இல் வந்த தியேகுவான்யின் ஊலாங் தேயிலையின் மரபணு ஆய்வில் இருந்தது. தியேகுவான்யின் பல தலைமுறைகளாகத் தண்டிலிருந்தே பெருக்கப்பட்டு வரும் செடி. விதை வழியாகப் போகும் உயிரினத்தில் கெட்ட மரபுத் திரிபுகள் ஒவ்வொரு தலைமுறையிலும் கலைத்துப் போடப்பட்டுக் கழிய வாய்ப்பு உண்டு. குளோனில் அது இல்லை; விழுந்த காயம் சேர்ந்துகொண்டே போகும். ஆய்வாளர்கள் தாய்வழி, தந்தைவழி இரண்டு பிரதிகளையும் முழுதாகப் பிரித்துப் படித்து, எந்தப் பிரதி எவ்வளவு இயங்குகிறது என்று பார்த்தார்கள். பல இடங்களில் இரண்டும் சமமாக இயங்கவில்லை. ஒரு பிரதி பழுதானால் மற்றதைக் கூடுதலாக இயக்கி செடி சமாளிக்கிறது என்பது அவர்கள் முன்வைக்கும் விளக்கம். அதைப் படித்தபோது எனக்கு உடனே பூ நினைவுக்கு வந்தது. சொந்த மகரந்தத்தை மறுத்ததால்தானே இரண்டு பிரதியும் இவ்வளவு வேறாக இருக்கின்றன? வேறாக இருப்பதால்தானே ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கிறது? குளோன் இத்தனை காலம் தாக்குப்பிடிப்பதே அதன் முன்னோர்கள் விதைவழிச் செடிகளாக இருந்து சேர்த்துவைத்த சொத்தால்தான் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அந்தச் சொத்து புதுப்பிக்கப்படுவது விதைச் சரிவில் மட்டும்.

அதனால் பிடுங்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. வயதான செடி விளைச்சல் தராது. தோட்டம் பிழைக்க வேண்டும். நான் கேட்பது, பிடுங்குவதற்கு முன் ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தில் ஒரு கோடை, ஒரு மழை, ஒரு நோய்க்காலம் போய்விடும். எந்தச் செடி முதலில் துளிர்த்தது, எது கொப்புள நோயில் தப்பியது, எது காயாமல் நின்றது என்று அடையாள நாடா கட்டிவைத்தால் போதும். யாரிடம் கேட்பது என்பதிலும் குழப்பம் வேண்டாம். அந்தச் சரிவில் பறிப்பவர்களுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும். அவர்களை உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொள்வதை ஆய்வின் முதல் படியாகவே நான் கருதுகிறேன். நாடா கட்டிய செடிகளிலிருந்து தண்டுத் துண்டு எடுத்து, தோட்டத்தின் ஒரு ஓரத்தில் ஒரு வரிசை நட வேண்டும். மொத்தச் செலவு ஒரு சிறிய நாற்றங்கால் செலவுதான்.

வரிசையில் நிற்கும் செடிகள் எல்லாம் நல்ல தேநீர் தர வேண்டும் என்றுகூட அவசியமில்லை. தண்டுத் துண்டிலிருந்து வந்த குளோனுக்கு ஆணிவேர் கிடையாது, பக்கவேர்கள்தான். வறட்சி நீண்டால் முதலில் வாடுவதற்கு இது ஒரு காரணம். இதற்குத் தீர்வாக, உபாசி-9 (உபாசி என்பது தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கம்) போன்ற வறட்சி தாங்கும் செடியை அடித்தண்டாக வைத்து, அதன்மேல் தரமான ரகத்தின் துண்டை நாற்றங்காலிலேயே ஒட்டுக்கட்டும் முறையைத் தென்னிந்திய ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். கோடையில் பச்சையாக நிற்கும் அந்த ஒரு செடியின் கொழுந்து சுவையற்றதாகவே இருக்கட்டும். அதன் வேர் வேறொரு செடிக்குத் தண்ணீர் தேடித் தரலாம். அதற்கு அந்தச் செடி எங்கே இருக்கிறது என்று யாராவது இந்த வருடமே குறித்துவைத்திருக்க வேண்டும்.